தாள் கறுத்த பக்கம்

வந்தாறுமூலையில் ஒரு காரின் தாங்கிக்குள் விழும் டீசல் நெடுந்தூரம் வந்த டீசல். கப்பலில் கொழும்புக்கு வந்திறங்கியிருக்கும், இல்லாவிட்டால் 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் பிரிந்திருக்கும். கொலன்னாவையின் பெருந்தாங்கிகளில் கிடந்து, ரயில் பெட்டிகளில் ஏறி, மின்னேரியாக் காட்டையும் பொலன்னறுவையையும் கடந்து, வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் நடுவே எங்கள் ஊரைத் தாண்டி மட்டக்களப்புக்குப் போகிறது. 2024 ஒக்டோபரில் அப்படி வந்த எரிபொருள் ரயில் ஒன்று மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. யானைகள் இறந்தன. ரயிலுக்குப் பிறகு பவுசர், அதற்குப் பிறகு எண்ணெய் செட்டின் நிலத்தடித் தாங்கி, கடைசியில் ரப்பர்க் குழாய். போகிற வழியெல்லாம் டீசல் எதையாவது வாங்கிக்கொண்டே வருகிறது. துரு, மணல், தண்ணீர்.

எங்கள் காற்றும் தன் பங்கைப் போடும். ஒரு பக்கம் வாவி, அப்பால் கடல், மேற்கே வயலும் குளமும். கார்த்திகை மார்கழியில் சாடிக்குள் இருக்கிற உப்பும் நீர் விடும். அரைவாசி நிரம்பிய தாங்கியின் மேல்பாதியில் நிற்பது இந்த ஈரக் காற்றுத்தான். இரவில் தகரம் குளிர, ஈரம் உட்சுவரில் துளிர்த்து வழிந்து டீசலுக்கு அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 830 கிராம், தண்ணீர்தான் கனம். தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்கிற அந்த மட்டத்தில் பக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். தண்ணீரில் இருந்துகொண்டு டீசலைத் தின்று வளரும் உயிர்கள் அவை. நாள்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியின் தாங்கிக்குள் கைவிட்டவர்களுக்கு அந்தக் கறுத்த வழுவழுப்பும் அதன் நாற்றமும் தெரியும்.

2022இல் இங்கே வீட்டுக்கு வீடு டீசலைச் சேர்த்துவைக்கப் பழகினோம். ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது. வரிசையில் இராப்பகலாகக் கிடந்து வாங்கிய டீசல் கான்களில் ஏறி, மாட்டுக்கொட்டில் மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தது. வெள்ளாமை வெட்டுகிற நேரத்தில் மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வயல்காரனுக்கு. அந்தப் பயத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கான்களின் அடியில் ஊறிக் கிடந்ததெல்லாம் பிறகு வண்டிகளுக்குள்தான் போனது. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஏறாவூரிலும் செங்கலடியிலும் கராஜ்காரர்களிடம் கேட்டபோது, வந்த வண்டிகளில் பாதிக்கு எஞ்சினில் ஒன்றுமில்லை, ஃபில்டர்தான் என்று சொன்னார்கள்.

டீசல் எஞ்சின் ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கவேண்டும் என்று தோன்றலாம். அது நோஞ்சான் இல்லை, மிக நுட்பமானது. பெற்றோலுக்குத் தீப்பொறி போல டீசலுக்கு ஒன்று கிடையாது. காற்றை நசுக்கும்போது பிறக்கிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு எண்ணெய் சரியான நொடியில், சரியான அளவில், புகையாகத் தெளிக்கப்பட வேண்டும். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க்கில் ஓட்டிக்காட்டியது ஆள் உயரத்தையும் மிஞ்சிய பெரிய யந்திரம்; எண்ணெயைத் தெளிக்க அதற்கு அமுக்கிய காற்று வேண்டியிருந்தது. 1927இல் ரொபேர்ட் பொஷ்ஷின் தொழிற்சாலை, எண்ணெயை நேரடியாகவே அமுக்கித் தள்ளும் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் லொறிக்கும் காருக்கும் வசதியாக வந்து சேர்ந்தது. அந்தப் பம்புக்குள் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள வெளி ஓரிரு மைக்ரோன். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். எங்கள் பக்கத்தில் ஓடுகிற பழைய டொயோட்டாக்களின் பம்புக்குள் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு ஒயில். டீசல் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் துரு, மணல் வந்தால் கீறல். கீறல் விழுந்தால் பம்பைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காசை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் நடுவே நின்று மறிப்பது மடித்துவைத்த ஒரு தாள்.

அந்தத் தாளை மாற்றுகிற வேலையை வீட்டு முற்றத்தில், ஒரு மாமர நிழலில் செய்யலாம். கொரோலா, டவுன்ஏஸ், டொல்பின் வேன் என்று எங்கள் வீதிகளில் இன்னும் ஓடுகிற பழைய டீசல் வண்டிகளில் ஃபில்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். தகரக் குடுவை ஒன்று, தலையில் அமுக்குகிற கைப்பம்ப், அடியில் தண்ணீரை வடிக்கிற ஒரு திருகு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. வேறு பெரிய நிபந்தனை இல்லை.

எப்போது மாற்றுவது என்பதற்கு வண்டியின் கையேடு ஒரு கணக்குச் சொல்லும், பெரும்பாலும் 20,000 கிலோமீற்றருக்கும் 40,000 கிலோமீற்றருக்கும் இடையில். எங்கள் காலநிலைக்கு நான் அந்தக் கணக்கின் கீழ் எல்லையைத்தான் பிடித்துக்கொள்வேன். வண்டியும் சொல்லும். அடைபட்ட ஃபில்டருடன் வண்டி நின்ற இடத்தில் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும்போது ஒரு குறையும் தெரியாது. செங்கலடியில் திரும்பி பதுளை வீதியில் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் மிதித்துப் பார்த்தால்தான் இழுவை இல்லாமல் திணறும். கொஞ்சமாகக் கேட்கும்வரை கொடுத்துக்கொண்டிருக்கும். நிறையக் கேட்கிற அன்றைக்குத்தான் அதனிடம் இல்லை என்பது தெரியவரும்.

முதல் வேலை வடிப்பது. அடித்திருகைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடிக்கவேண்டும். கண்ணாடியாக இருப்பது முக்கியம், தகர டப்பாவில் பிடித்தால் எதுவும் தெரியாது. போத்தலை மதிலில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அது தானாகப் பிரிந்து நிற்கும். மேலே தேன் நிறத்தில் டீசல். அடியில் நிறமில்லாத தண்ணீர், விரல் தடிப்புக்கோ அதற்கு மேலுமோ. இரண்டும் தொடுகிற இடத்தில் கபில நிறத்தில் ஒரு மெல்லிய படலம். போத்தலைச் சரித்தால் தண்ணீர் முதலில் நகரும், படலம் அதன்மேல் நெளிந்துகொண்டு போகும். இவ்வளவும் எஞ்சினுக்குப் போகாமல் நின்றிருக்கிறது.

பிறகு குடுவையில் தண்ணீர் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கிற வயரைக் கழற்றி, குடுவையைக் கையாலோ பழைய பெல்ற் ஒன்றைச் சுற்றியோ திருகிக் கழற்றலாம். இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடமுடியாது. பழைய ரப்பர் வளையம் சில நேரம் குடுவையோடு வராமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் வளையத்தின்மேல் வளையம், காற்று இழுக்கும், காலையில் எஞ்சின் பற்றாது. விரலைவிட்டுத் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. அடுத்தது, புதிய ஃபில்டரை நிரப்புகிற விஷயம். சுற்றிவர உள்ள சின்னத் துளைகளால் டீசல் உள்ளே போய், தாளை ஊடறுத்து, நடுத் துளையால் வெளியே வருகிறது. கானிலிருந்து டீசலை நடுத் துளைக்குள் ஊற்றினால் தாளைச் சந்திக்காத அழுக்கு நேரே பம்புக்குப் போகும். வேலை சுருக்கமாக முடியும் என்று பலர் இப்படித்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரப்பர் வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி, கையாலேயே இறுக்கிவிட்டு, தலையிலுள்ள கைப்பம்பை அது கல்லாக இறுகும்வரை அமுக்குங்கள். கை வலிக்கும்தான். அந்த வலியில் டீசல் தாங்கியிலிருந்து தாளின் வழியே முறைப்படி வந்து சேரும். சாவியைப் போட்டுச் சுற்றும்போது நீளமாகச் சுற்றாமல் விட்டுவிட்டுச் சுற்றினால் ஸ்டார்ட்டருக்கும் நல்லது. ஓடத் தொடங்கியதும் சுற்றிவர ஈரம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

புதிய கொமன்ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் கையேடு சொல்வதற்கு மேல் எதையும் தொடவேண்டாம். அந்தக் குழாய்களில் நிற்கிற அமுக்கம் ஆயிரத்தைந்நூறு பாரையும் தாண்டும். கசிவு ஒன்று தோலைத் துளைத்து எண்ணெயை உடம்புக்குள் செலுத்திவிடும், விரலை வெட்டவேண்டிவந்த சம்பவங்கள் வைத்திய நூல்களில் இருக்கின்றன.

கழற்றிய ஃபில்டரை அப்படியே எறியாமல், வடியவிட்டு, கைவாளால் தகரத்தைச் சுற்றி அறுத்துத் திறந்து பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்வேன். பொறிபடாத இடத்தில், கையால் மெதுவாக அறுக்கவேண்டும். உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள். விரித்தால் பல முழம் நீளும். அதன் வெளிப்பக்கம் முழுக்கக் கறுத்திருக்கும். மடிப்பின் அடியில் துருப்பொடியும் கறுத்த பசையும் அப்பியிருக்கும், விரலால் தொட்டால் விரலோடு வரும். தாளைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் ஏறக்குறைய வாங்கின அன்றைய மஞ்சள் நிறத்திலேயே இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு தாளின் தடிப்புத்தான்.

எங்கள் ஊரில் எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த கராஜ் அண்ணனிடம் அந்தக் கறுப்பைக் காட்டி, கெட்டுப்போய்விட்டதே என்று சொன்னேன்.

“கெட்டுப்போகல்ல தம்பி. கறுத்திருந்தா அது வேல செஞ்சிருக்கு எண்டு அர்த்தம். கழட்டக்குள்ள வெள்ளையா இருந்தாத்தான் எனக்குப் பயம். மறுகா அவ்வளவும் எங்க போயிருக்கு எண்டு பம்பக் கழட்டிப் பாக்கணும்.”

அவர் சொன்னதற்குப் பின்னால் வடிகட்டலின் ஓர் உண்மை இருக்கிறது. புதிய தாளைவிடக் கொஞ்சம் அழுக்குப் பிடித்த தாள்தான் நன்றாக மறிக்கும். படிந்த துகள்கள் துளைகளைச் சுருக்கிவிடுவதால், முன்பு நழுவிப்போன நுண்ணிய துகளும் இப்போது அகப்பட்டுக்கொள்ளும். நாளாக நாளாக அது தன் வேலையில் தேறிக்கொண்டே போகிறது. கடைசியில் அழுக்கை மறிப்பதில் மிகத் தேர்ந்த நிலையில்தான் டீசலையும் விடமுடியாமல் போகிறது. நாம் அதை அடைப்பு என்கிறோம், பழுது என்கிறோம். தாள் ஒரு நாளும் தன் வேலையில் தவறவில்லை. அது நிறைந்துவிட்டது.

இதை எழுதும்போது என் மனம் காரில் நிற்கவில்லை. வந்தாறுமூலையில் இருந்துகொண்டு இந்தக் கறுப்பைப் பார்த்தால் வேறெங்கு போகும்?

1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த இடம் 1990இல் போரின் நடுவே அகதி முகாமாக இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் சனம் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சம் புகுந்திருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து 158 பேரைப் பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. தாய்மாரும் மனைவிமாரும் சாட்சி சொன்னார்கள். இன்றும் செப்டெம்பர் வந்தால் கூடி நின்று விளக்கேற்றுகிறார்கள்.

அந்த வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். படித்தார்கள், சிலர் அதே பல்கலைக்கழகத்தில். கல்யாணம் முடித்தார்கள். பகையை நெஞ்சில் சுமக்காத, சிங்கள நண்பனின் வீட்டுக்குப் போய் உண்டு வருகிற, இரவில் நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்களாக அவர்களில் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அது தானாக வந்த நல்ல குணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி எல்லாவற்றையும் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். முகாமில் கண்டதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. ஆணைக்குழுவின் முன் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று சொல்லவில்லை. இருட்டோடு எழும்பிக் கிணற்றடியில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, புட்டு அவித்துக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். மகனிடம் போய்ச் சேர்ந்தது புட்டு மட்டும்தான்.

இப்போது அவளுக்கு எழுபது வயது. வீட்டுக்கு ஆள் வந்தால் பேசுவதில்லை. சின்னதொரு சத்தத்துக்கு எரிந்து விழுகிறாள். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். “அம்மா முந்தின மாதிரி இல்ல” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அன்றாடத்தில் ஒரு குறையும் இல்லாமல் எழும்பி, சமைத்து, முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள், ஏதோ ஒன்று கூடுதலாகக் கேட்கப்பட்ட அன்றைக்கு இயலாமல் உட்கார்ந்துவிட்டாள். வயது, பிரஷர், பிடிவாதம் என்று நாங்கள் பெயர் வைக்கிறோம். முப்பத்தைந்து வருடம் அந்த வீட்டுக்குள் வந்ததையெல்லாம் அவள் எங்கே வைத்திருந்தாள் என்று கேட்பதில்லை. வடிகட்டுவதால் அழுக்கு அழிந்துபோவதில்லை, ஓரிடத்தில் சேர்கிறது. நாங்கள் எங்கள் மஞ்சள் பக்கத்தை மட்டும் பார்த்து, நாங்களே சுத்தமானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தாளின் தடிப்புக்கு அப்பால் அத்தனையும் அவளில் அப்பிக்கிடக்கிறது.

தாளுக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். தாளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டலாம். அவளை என்ன செய்வது? பழைய ஃபில்டரைப் பெற்றோலில் கழுவிக் காற்றடித்துத் திரும்பப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். கழுவின தாள் பார்வைக்கு வெளுத்திருக்கும், துளைகள் கிழிந்திருக்கும், எதையும் மறிக்காது. எல்லாவற்றையும் மறந்துவிடு, நல்லதை நினை, கோயிலுக்குப் போ என்று அவளுக்கு நாங்கள் சொல்கிற புத்திகள் இந்தக் கழுவலைச் சேர்ந்தவை. அவள் பிடித்துவைத்திருந்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவளுக்கே சொல்லுகிற பேச்சு அது.

ஆனால் அடித்திருகு ஒன்று இருக்கிறதே. ஃபில்டரைச் செய்தவர்கள் அதை வீணுக்கு வைக்கவில்லை. மாற்றுகிற நாள்வரை காத்திராமல், இடையிடையே திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிடத்தான் வைத்தார்கள். மனிதருக்கு அது ஒருவர் பக்கத்தில் வந்து குந்தியிருப்பது. “அண்டைக்கு என்ன நடந்த அம்மா?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை எழும்பாமல் இருப்பது. இடையில் ஆறுதல் சொல்லாமல் இருப்பது. ஒரு நாளில் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கேட்கிற பிள்ளைக்கு அது கனமாக இருக்கும், அன்றிரவு தூக்கம் வராமலும் போகலாம். ஆனால் அவள் ஒருத்தியாகச் சுமந்ததில் ஒரு சிறங்கையை, வளர்ந்த பிள்ளை தன் கையில் வாங்கிக்கொள்வதில் என்ன கெட்டுவிடும்? அது அவனுடைய வீட்டுக்கு வந்ததுதானே.

மதிலில் வைத்த போத்தலையும் அறுத்த தகரத்தையும் கடைசியில் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் வேலை முடியாது. வேலியோரம் ஊற்றிவிட்டு மண்ணைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். எங்கள் பக்கத்து மண் மணல். மழை அதற்குள் இறங்கித்தான் கிணற்றில் ஊறுகிறது. கிணறுகள் ஆழமற்றவை. நாங்கள் குடிக்கிற தண்ணீரை இவ்வளவு காலமும் வடித்துத் தந்தது அந்த மணல், அதைக் கழற்றி மாற்ற முடியாது. வேலியோரம் ஊற்றிய டீசல் மாரி மழையோடு இறங்கிப் பக்கத்து வளவின் வாளியில் வந்து நிற்கும். வடித்ததை மூடி இறுக்கிய போத்தலில் வையுங்கள். பழைய ஃபில்டரை ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டு, தாளையும் தகரத்தையும் ஒரு பையில் கட்டுங்கள். கழிவு ஒயில் பீப்பாய் வைத்திருக்கிற கராஜ் எந்தச் சந்தியிலும் ஒன்றாவது இருக்கும், அவர்களிடம் அதை வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். அடுத்தமுறை செங்கலடிக்குப் போகும்போது இரண்டையும் கையோடு கொண்டுபோய், என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.